மிச்சம் ஏழு நிமிடம்

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் செவெரின் பார்ட்னிக் விசிலை ஊதினார், கையை நீட்டிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார், பிறகு தன் மகளை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மகள் போக்னா கோட்டோரம் கொடியோடு நின்றிருந்தாள். அப்பா மைதானத்தின் நடுவில், அவள் ஓரத்தில். ஆறு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான். எதிர்ப்பக்கக் கோட்டில் அப்பாவின் பழைய கூட்டாளி ஸெனோன். அன்று மோதியது டோம்புரோவா ஊரின் இஸ்க்ராவும் ஒல்ஷினி ஊரின் ஓர்கானும். சீசனின் கடைசி ஆட்டம். ஆளுக்கொரு கோல். இப்படியே முடிந்தால் இஸ்க்ரா மேலே போகும். இன்னும் ஒன்று போட்டால் ஓர்கான் போகும்.

மேலே என்றால் ஏ வகுப்பிலிருந்து மாவட்ட வகுப்புக்கு. வார்சாவில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உச்சியில் எக்ஸ்ட்ராகிளாசா, அதன் கீழே, முதல் லீக் என்று பேர் வைத்துக்கொண்ட இரண்டாவது படி, அப்புறம் இரண்டாம் லீக், மூன்றாம் லீக், நான்காம் லீக், அதற்கும் கீழேதான் மாவட்ட வகுப்பு, ஏ வகுப்பு, பி வகுப்பு. ஏணியைக் கீழிருந்து எண்ணினால் இரண்டாவது படியில் நடந்த ஆட்டம் அது. ஆனால் அந்தப் படியிலேயே பதினாறு வருடம் நின்றவனுக்கு அடுத்த படியில் கால் வைப்பதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் வேறு இல்லை.

ஓர்கானின் கேப்டன் தோபியாஷ் ஓரத்திலிருந்து ஓங்கி உதைத்த பந்து, இஸ்க்ராவின் தடுப்பாட்டக்காரன் கொர்னெல் மேல் பட்டு எகிறி, கோல் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. அப்பா எப்போதும் ஒரு மூச்சு விட்டுத்தான் ஊதுவார். விட்டார். ஊதினார். பெனால்டி.

ஓர்கான் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். கொர்னெல் தொடையைப் பட்பட்டென்று அடித்துக் காட்டி, "தொடைய்யா! கையில எங்க பட்டுச்சு? தொடை!" என்று கத்தினான். அப்படிக் கத்தாத தடுப்பாட்டக்காரன் அந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்ற முந்நூறு பேரில் பாதிப் பேர் வழக்கமான வசவை எடுத்துவிட்டார்கள்: "நடுவரே, ரப்பர் பூட்ஸே!" ஒன்றுக்கும் உதவாத நடுவர்களுக்கு அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பட்டப்பேர்.

போக்னா பார்த்திருந்தாள். பந்து பட்டது தொடையில்தான். அவள் நின்ற இடத்திலிருந்து துல்லியமாகத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிய வழியில்லை. நடுவே இரண்டு முதுகுகள். அவள் கொடியை அசைக்காமல் அவரையே பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். வந்தார்.

அந்த நடையை மாவட்டமே அறியும். தோள்களைச் சற்றுக் குனித்து, சுற்றி மொய்க்கும் ஆட்டக்காரர்களைக் கண்ணால் பார்க்காமல், சந்தையில் சாமான் வாங்க மறந்து திரும்பிப் போகிறவரைப் போல ஒரு நடை. "போய்க் கேளு, போய்க் கேளு! பொண்ணுகிட்டப் போய்க் கேளு!" என்று கம்பிக்கு அப்பாலிருந்து ஒருவன் பாடினான். சிரித்தார்கள்.

ஆறு தப்படி இருக்கும்போது அப்பா நின்றார். காலணிக் கயிற்றைக் கட்டப் போகிறவரைப் போல ஒரு முழங்காலை மடித்தார். பிறகு பக்கவாட்டில், யாருக்கும் தொந்தரவு தராமல், புல்லில் சாய்ந்தார்.

முதலில் ஓடி வந்தவன் தோபியாஷ். அவன் தொழில் கூரை வேய்வது. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையிலும் இருந்தான். பெனால்டி அடிக்கக் கையில் வைத்திருந்த பந்தை எறிந்துவிட்டு வந்து, அப்பாவை மல்லாத்தி, சட்டையைக் கிழித்து, மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். சத்தமாக எண்ணினான். முப்பது வந்ததும் வாயில் ஊதினான். மறுபடி ஒன்றிலிருந்து. வியர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து அப்பாவின் கழுத்தில் சொட்டியது. போக்னா எதிரே மண்டியிட்டு அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் பழக்கத்தில் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்திருந்தது: எண்பத்து மூன்று நிமிடம், நாற்பது விநாடி. பார்த்ததற்காகப் பிறகு வெகுநேரம் கூசினாள்.

ஆம்புலன்ஸ் வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை தோபியாஷ் நிறுத்தவில்லை. அவர்கள் வந்து தோளைத் தொட்டு விலக்கிய பிறகும் அவன் கைகள் காற்றில் அதே அளவில் நின்றன. பாடியவன் தொப்பியைக் கழற்றிக் கம்பியில் மாட்டியிருந்தான்.

மறுநாள் காலையில் அம்மா ரெகீனா அலமாரியிலிருந்து கறுப்பு சூட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். போக்னாவின் முதல் நற்கருணைக்காகத் தைத்தது. இருபத்தொரு வருடமாகியும் அளவு மாறவில்லை. ஓடிக்கொண்டே இருந்த உடம்பு. வாரம் முழுக்க வாகனச் சோதனை நிலையத்தில் கார்களுக்கு அடியில் படுத்து பிரேக்கைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓடுவார்.

"சவப்பெட்டிக்காரர் கேக்கறார், விசிலையும் உள்ள வைக்கலாமான்னு," என்றாள் போக்னா.

"வேணாம். அங்கயாவது யாரும் அவரத் திட்டாம இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அம்மா சட்டைக் காலரைத் தடவித் தடவி நேராக்கினாள். அவள் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போனதில்லை. முப்பது வருடத்தில் ஒன்றுகூட. "என் புருஷன ஊரே கூடித் திட்டுது. அத நான் வேற போய் நின்னு கேக்கணுமாக்கும்?" என்பாள். அப்பா திரும்பி வந்ததும் எத்தனை கோல் என்று கேட்க மாட்டாள். சூப்பை வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன சொல்லித் திட்டினாங்க?" என்று கேட்பாள். அப்பா ஒன்று விடாமல் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

பத்து மணிக்கு ஸெனோன் வந்தார். மனைவி சுட்டுக் கொடுத்த கசகசா கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமல், தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"அறிக்கைய நீதான் எழுதணும், கண்ணு. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள. முதல் துணை நடுவர் நீ. லீக் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"தெரியும், ஸெனோன் மாமா."

"சுருக்கமா எழுதிடு. நடுவர் விசில் ஊதினார், விழுந்தார், ஆட்டம் நின்னுது. கையி, தொடை எதுவும் வேணாம். முழு மேட்ச்சயும் மறுபடி ஆடச் சொல்வாங்க. ஒருத்தனுக்கும் மனசு கசக்காது."

"நீங்க என்ன பாத்தீங்க?"

ஸெனோன் ஜன்னலைப் பார்த்தார். "நான் அறுபது மீட்டர் தள்ளி. வெயில் வேற கண்ணுல. அவர் கை காட்டினதப் பாத்தேன். அப்புறம் உன் பக்கம் நடந்தார். உடம்புக்கு முடியாமத்தான் உன்கிட்ட வந்தார்னு எல்லாரும் சொல்றாங்க."

போக்னா கேக்கின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

மத்தியானம் ஓர்கான் சங்கத்தின் தலைவர் அலோய்சி வந்தார். கூடவே தோபியாஷ். ஒரே ஒரு நல்ல கோட்டு வைத்திருப்பவனைப் போல அதற்குள் விறைத்து நின்றான். அலோய்சி அம்மாவின் கையை முத்தமிட்டு, முறையாகத் துக்கம் விசாரித்துவிட்டு, கதவருகே வந்ததும், பெண்களை மரியாதையாக அழைக்கும் 'பானி'யைப் பெயரோடு சேர்த்து, போக்னாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க எதுவும் கேக்க வரல, பானி போக்னா. அவர் பெனால்டின்னு கை காட்டினத முந்நூறு பேர் பாத்திருக்காங்க. அது அவரோட கடைசி முடிவு. அத மதிக்கணும், அவ்வளவுதான். உள்ளது உள்ளபடி எழுதுங்க."

"உள்ளபடிதான் எழுதுவேன்."

"அதான், அதான்."

தோபியாஷ் வாயைத் திறக்கவே இல்லை. அம்மா அவனருகே போய் அவனுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். தடித்த, தார் படிந்த நகங்கள் கொண்ட கைகள். வெகுநேரம் விடவில்லை. அவன் காது சிவந்தது. போக்னா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அந்தக் கைகளிலிருந்து பெனால்டியைப் பிடுங்கப் போகிறவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கணினியின் முன் உட்கார்ந்தாள். தேதி, ஊர், வகுப்பு, அணிகள், வானிலை, எல்லாம் நிரப்பியாயிற்று. 'நடுவர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயரைத் தட்டினாள். 'சம்பவங்கள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு வரி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். அம்மா பின்னால் வந்து நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இதென்ன, 'பந்து தொடையில் பட்டது'?"

"தொடையிலதான்மா பட்டுச்சு."

"அப்பா பெனால்டின்னார்."

"ஆமா."

"அப்ப அவர் தப்புன்னு எழுதப்போறியா? அவர் கடைசியாப் பண்ணது தப்புன்னு? பொட்டி இன்னும் குழியில இறங்கல. பெத்த மகளே அப்படி எழுதணுமா?" அம்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முப்பது வருஷம் தப்பு தப்புன்னு கேட்டுட்டார். கடைசிக்கு ஒண்ணாவது நிக்கட்டும்."

"அம்மா, அவர் என்கிட்ட வந்துட்டிருந்தார்."

"முடியாமப்போய் வந்தார்."

"இல்ல. கேக்க வந்தார். எனக்குத் தெரியும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

இரண்டு பேருக்குமே தெரிந்த கதை அது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், அப்பா நான்காம் லீக்கில் நடுவராக இருந்த வசந்தம். அணிகள் ஏறுகிற அதே ஏணியில்தான் நடுவர்களும் ஏறுகிறார்கள். மூன்றாம் லீக்குக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒரு சனிக்கிழமை, நாலாயிரம் பேர் பார்த்த ஆட்டத்தில், சொந்த ஊர் அணிக்கு ஒரு கோல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்போதே கோட்டு நடுவரிடம் போனார், கேட்டார், திரும்பி வந்து கோல் இல்லை என்றார். போலீஸ் வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நடுவர்களுக்கு மதிப்பெண் போட வந்திருந்த மேற்பார்வையாளர், 'முடிவெடுப்பதில் தயக்கம்' என்று எழுதினார். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. அடுத்த வருடம் மாவட்ட வகுப்பு. அதற்கும் பிறகு ஏ வகுப்பு. ஏணியில் இறங்கினார்.

பிறகு அந்த மேற்பார்வையாளரே நல்ல எண்ணத்தில் வீட்டுக்கு வந்து, "செவெரின், தப்புன்னு தெரிஞ்சாலும் ஊதினது ஊதினதாவே இருக்கட்டும். அப்பத்தான் மரியாத," என்று சொன்னபோது போக்னாவுக்குப் பதினொரு வயது. அப்பா தேநீரைக் கலக்கிக்கொண்டே, "பிரேக் பிடிக்காத வண்டிக்குச் சீட்டு குடுன்னு சொல்றீங்க. நான் திங்கக்கிழமையும் குடுக்க மாட்டேன், ஞாயித்துக்கிழமையும் குடுக்க மாட்டேன்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

இப்போது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்யாணமான புதுசுல," என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "சண்ட போட்டுட்டு வெளிய போவார். தோட்டத்துக் கதவு வரைக்கும்தான் போவார். நான் ஜன்னல் வழியாப் பாப்பேன். கதவப் பிடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் நிப்பார். அப்புறம் திரும்பி நடந்து வருவார். உள்ள வந்து, 'சரி, நீ என்ன பாத்தே, சொல்லு'ம்பார். எங்கம்மா சொல்லுவா, இவன் என்னடி ஆம்பள, பொண்டாட்டிகிட்ட வந்து கேக்கறான்னு." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அந்த நடைக்காகவே இன்னும் ரெண்டு சண்ட போடலாம்னு இருக்கும்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பி, என்ன நினைத்தாரோ, உடனே அணைத்தார்.

"வாய் அசஞ்சுதா?" என்று கேட்டாள் அம்மா. "உன் பக்கம் வர்றப்போ?"

"அசஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். "எழுது. அவர் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல இல்ல? அத எழுது." எழுந்து நின்று, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட நேர்ல போய்ச் சொல்லு. கம்ப்யூட்டர்ல பாத்துத் தெரிஞ்சுக்க விட்டுடாத. அவன் கை..."

ஒல்ஷினியில் தோபியாஷ் ஒரு களஞ்சியத்தின் கூரையில் இருந்தான். பாதிக் கூரைக்கு ஓடு போட்டாயிற்று. மீதி பலகையாகக் கிடந்தது. போக்னா காரை நிறுத்திவிட்டு ஏணியின் அடியில் போய் நின்றாள். அவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இறங்கி வரியா?"

"அங்கருந்தே சொல்லு. இறங்கினா முட்டி மறுபடி ஏற விடாது."

அவள் அண்ணாந்து பார்த்தபடியே சொன்னாள். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். தொடை, இரண்டு முதுகுகள், அப்பா தன்னைக் கேட்க வந்தது, கேட்டிருந்தால் தான் சொல்லியிருக்கக்கூடிய பதில், அதன்படி பெனால்டி இல்லை, மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் மட்டும்தான் என்பது. வெயில் கண்ணில் குத்தியதால் அவன் முகம் தெரியவில்லை.

மேலிருந்து அவன் குரல் வந்தது.

"முப்பத்தாறு வயசு எனக்கு. அடுத்த சீசன் இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஆட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"பதினாறு வருஷம் ஏ வகுப்பு. மூணு தடவ கடைசி நாள்ல போச்சு. இது நாலாவது."

"தெரியும், தோபியாஷ்."

"நேரா உள்ள போட்டிருப்பேன். இடது கால். இஸ்க்ரா கோல்கீப்பர் எப்பவும் வலது பக்கம் பாய்வான்."

அவன் ஓடு ஒன்றை எடுத்து வைத்தான், சரியில்லை என்று திரும்ப எடுத்தான். பிறகு ஏணியில் மெல்ல, ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து, இறங்கி வந்தான். எதிரே வந்து நின்றான்.

"உங்கப்பா எனக்கு நாலு சிவப்பு அட்ட குடுத்திருக்கார். ஒண்ணு தப்பு. அடுத்த ஞாயித்துக்கிழம எங்க உடுப்பு மாத்தற ரூமுக்கே வந்துட்டார். எல்லார் முன்னாடியும், 'போன வாரம் நான் சரியாப் பாக்கல, மன்னிச்சுக்க'ன்னார். ஒருத்தனுக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. நான் ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுட்டு நின்னேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "தொடையிலதான் பட்டுச்சு, போக்னா. நான்தான அடிச்சேன் பந்த. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு வீட்டுல..."

"என்ன சொல்லச் சொல்ற? அலோய்சிக்கு இது உயிரு. எனக்கும்தான்." ஒல்ஷினித் தேவாலயத்தில் மணி அடித்தது. அது ஓயும் வரை பொறுத்தான். "பந்தக் கையில எடுத்து வெச்சுட்டு நிக்கறேன். அவர் உன் பக்கம் திரும்பி அந்த நட நடக்க ஆரம்பிச்சார். சரி, போச்சுடா, ரெண்டு வார்த்தைல கார்னர்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். அவர் விழுந்தப்பவும் முதல்ல அதான் மனசுல இருந்துச்சு. அத நெனச்சாத்தான்..." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அனுப்பு. கார்னர்லேருந்து ஆடட்டும்னு எழுதினா, எங்க பக்கம் கையெழுத்து நான் போடறேன். அலோய்சிய நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை அடக்கம். பாதிரியார் பேசும்போது செவெரின் நீதியோடு வாழ்ந்தவர் என்று சொல்ல, பின்வரிசையில் யாரோ அனிச்சையாகக் கனைத்தார்கள். பல பேர் தலை குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். அம்மா உட்பட. மாவட்டத்தின் நடுவர்கள் பதினேழு பேர் ஆட்ட உடையிலேயே வந்திருந்தார்கள். தோபியாஷ் தீயணைப்புப் படையின் சீருடையில், பொத்தான் பளபளக்க, பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தான், பக்கத்திலேயே கொர்னெல். இருவரின் உயரமும் ஒத்துவராமல் பெட்டி சற்றுச் சாய்ந்தது. கொர்னெல் வழி முழுக்கக் கால்விரல் நுனியில் நடந்தான்.

அடக்கம் முடிந்து தீயணைப்புப் படைக் கூடத்தில் சாப்பாடு. நூடுல்ஸ் போட்ட கோழி சூப்பின் ஆவி ஜன்னல்களை மூடியது. முதல் தட்டு காலியாகும்வரை மரியாதையாக இருந்தார்கள். இரண்டாவது தட்டில் கட்லெட் வந்ததும், அப்பா யாரை அதிகம் வெளியே அனுப்பினார் என்ற போட்டி ஆரம்பமாகிவிட்டது.

"எனக்கு ஆறு!"

"போடா, எனக்கு ஏழு. ஒண்ணு ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

"என்ன வெளிய போன்னார்," என்றார் இஸ்க்ராவுக்கு எப்போதோ ஆடிய ஒரு பருத்த மனிதர். "போக மாட்டேன்னு புல்லுல உக்காந்துட்டேன். அவர் என்ன பண்ணார் தெரியுமா? பக்கத்துல வந்து நின்னு, 'சரி, தனியாப் போக வெக்கமா இருந்தா நானும் வரேன், வா'ன்னு கூடவே நடந்து வந்து, கதவு வரைக்கும் விட்டுட்டுப் போனார். என்னத்தச் சொல்ல! வழியெல்லாம் என் பொண்ணு படிப்பு பத்தி விசாரிச்சுட்டே வந்தார்."

கூடம் சிரித்தது. அம்மா அந்த மனிதரின் தட்டில் இன்னொரு கட்லெட்டை வைத்தாள்.

வியாழக்கிழமை லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விதிப்படி முழு ஆட்டமும் மறுபடி நடக்க வேண்டும். ஆனால் துணை நடுவரின் அறிக்கை தெளிவாக இருப்பதாலும், இரண்டு சங்கங்களும் எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்டதாலும், மிச்சமிருந்த நிமிடங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடலாம். ஓர்கானுக்குக் கார்னர், அதிலிருந்து ஆட்டம் தொடரும். கோட்டு நடுவராக வர விருப்பமா என்று போக்னாவைக் கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. கொட்டவில்லை, நிற்கவும் இல்லை. முந்நூறு பேர் வருகிற மைதானத்தில் அன்று ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். டிராக்டர்களிலும் சைக்கிள்களிலும் ஏழு நிமிடம் பார்க்க வந்தவர்கள். போக்னா கொடியோடு தன் கோட்டுக்குப் போனபோது, கம்பித் தடுப்பின் பக்கம் ஒரு நீலக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோட்டும், கைப்பையும், தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் காலணியும்.

நகரத்திலிருந்து வந்த புது நடுவர் கடிகாரத்தைச் சரிபார்த்தார். ஊதினார்.

கார்னரை ஓர்கானின் இடதுபுறத்துக்காரன் அடித்தான். பந்து மழையைக் கிழித்துக்கொண்டு வளைந்து வந்தது. எல்லோருக்கும் மேலே தோபியாஷ் எழும்பினான். எந்த முட்டியை வைத்து எழும்பினானோ தெரியாது. தலையால் மோதினான். பந்து மேல்கம்பியில் 'டங்' என்று பட்டுத் திரும்பி வந்தது; கொர்னெல் கண்ணை மூடிக்கொண்டு அதை மைதானத்துக்கு வெளியே உதைத்தான். ஆயிரம் பேரின் மூச்சு ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

மூன்றாவது நிமிடத்தில் புது நடுவர் ஒரு உதையைக் கவனிக்காமல் விட்டார். கம்பித் தடுப்பில் சாய்ந்திருந்த ஒருவர், "நடுவரே, ரப்பர் பூட்..." என்று அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்து, பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்து, பாதியில் விழுங்கினார். முகம் வெளிறிப்போயிற்று.

"மன்னிச்சுக்குங்க, பானி ரெகீனா. வாய் பழகிடுச்சு..."

"கத்துங்க, கத்துங்க," என்றாள் அம்மா. "அதக் கேக்கத்தான வந்திருக்கேன்."

போக்னா திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டோரம் ஆட்டத்தோடு கூடவே ஓடினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அந்த மனிதர் ஒருமுறை இருமிவிட்டு, பிறகு முழு நுரையீரலோடு கத்தினார். அம்மா காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள்.

மிச்ச நிமிடங்கள் சேற்றில் போயின. ஓர்கான் முட்டி மோதியது. இஸ்க்ரா பதினொரு பேரையும் கோலுக்கு முன்னால் நிறுத்தி அடைத்தது. கடைசி விசில் ஊதியபோது ஆளுக்கொரு கோல்தான். இஸ்க்ரா மாவட்ட வகுப்புக்குப் போயிற்று. அவர்கள் குதித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், ஆனால் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோல் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டார்கள். தோபியாஷ் பெனால்டிக் கட்டத்துக்குள் சேற்றில் உட்கார்ந்திருந்தான். கொர்னெல் போய்க் கை நீட்டித் தூக்கிவிட்டான்.

இரண்டு அணிகளும் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். நடுவருக்குக் கொடுத்தார்கள். போக்னாவுக்குக் கொடுத்தார்கள். தோபியாஷ் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் போகாமல், நேரே கம்பித் தடுப்பை நோக்கி நொண்டிக்கொண்டு நடந்தான். நீலக் குடையின் முன்னால் நின்றான். சேற்றுக் கையை அரைக்கால்சட்டையில் துடைத்தான். கால்சட்டையும் சேறுதான். இருந்தும் துடைத்துவிட்டு நீட்டினான். அம்மா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கொர்னெல். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஓர்கான், இஸ்க்ரா என்று பாராமல் வரிசை மழையில் நீண்டது. ஒவ்வொருவனும் முறை வந்ததும் கையை இடுப்பில் துடைத்தான், நீட்டினான், குனிந்தான், போனான்.

கடைசியில் வந்தவன் ஓர்கானின் கோல்கீப்பர். பெரிய கையுறையோடு கை கொடுக்கக் கூடாது என்று நினைத்தான் போலும், கழற்றப் பார்த்தான். மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டை மழையில் ஊறி இறுகிப்போயிருந்தது. மற்ற கையால் இழுத்தான். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

அம்மா குடையை அவன் தலைக்கு மேலே நகர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.